முற்றத்து ஈயமும் வல்லாரைச் சாறும்

எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் மூன்று கற்களை வைத்த ஓர் அடுப்பு இருந்தது. அது சோறு ஆக்கும் அடுப்பு அல்ல. கடற்றொழில் செய்யும் என் மாமா, வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக் குண்டுகளை அதில்தான் உருக்கி வார்ப்பார். பழைய பற்றரித் தகடுகளையும் அறுந்த வலைகளிலிருந்து கழற்றிய குண்டுகளையும் ஓர் இரும்புச் சட்டியில் போட்டுச் சிரட்டை எரிப்பார். சற்று நேரத்தில் ஈயம் வெள்ளியைப் போல இளகிவிடும். அதை அச்சில் ஊற்றும்போது சிறு பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு காலத்தில் நானும் அப்படி நின்றவள்தான். சென்ற வருடம்வரை நின்றவன் என் தம்பி. அப்போது அவனுக்கு நான்கு வயது.

உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கத் தொடங்கியபோது, எங்கள் விஞ்ஞான மன்றத்தில் ஓர் உரை நிகழ்த்தும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ‘பார உலோகங்களிலிருந்து மூளையைக் காக்கும் தாவரங்கள்’ என்பது நான் எடுத்த தலைப்பு. வல்லாரை, மஞ்சள், உள்ளி என்று எங்கள் குசினியில் உள்ள பொருட்களே ஈயத்தின் நஞ்சை முறிக்கின்றன என்று ஆய்வுகள் கூறுவதாக வாசித்தபோது எனக்குப் பெரும் ஆறுதல். மாமாவின் அடுப்பை யாரும் தொடத் தேவையில்லை. தம்பிக்கு ஒரு கோப்பை வல்லாரைச் சாறு போதும் என்று எண்ணினேன். “வல்லாரை உண்டாரோடு மல்லாடாதே எண்டு சும்மாவா சொன்னாங்க?” என்று உம்மும்மாவும் மகிழ்ந்தார். மூன்று வாரம் காலையில் அவனைப் பிடித்து வைத்துச் சாறு பருக்கினேன்.

உரை முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் உயிரியல் டீச்சர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். “நல்ல உரை மகள். ஒரு விஷயம் சொல்லுங்க. அந்த எலிகளுக்கு ஈயம் குடுக்குறத யாரு நிப்பாட்டினது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. இக்கட்டுரை, அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய ஒரு வருடத்தின் பாடம். மாணவிகளான உங்களுக்கு இது பாடத்திட்டத்தோடு சேர்ந்தது. பெற்றோருக்கோ வீட்டோடு சேர்ந்தது.

ஈயம் மூளைக்குள் போவது எப்படி?

ஈயத்தின் அணுவெண் 82. அது சுமார் 327 பாகை செல்சியசில் உருகும். சிரட்டை நெருப்புக்கு அது பெரிய வெப்பமல்ல. உருகும் ஈயத்தின் மேல் படரும் சாம்பல்நிறக் கசடு, ஈய ஒட்சைட்டு. அதை வழித்து ஓரமாகக் கொட்டும்போது நுண்ணிய தூளாகி மண்ணோடு கலக்கிறது. ஈயம் உக்கி அழியும் பொருளல்ல. பத்து வருடத்துக்கு முன் விழுந்த தூளும் அந்த முற்றத்தில் அப்படியே இருக்கும்.

தவழும் பிள்ளையும் ஓடி விளையாடும் பிள்ளையும் கையை வாயில் வைப்பது இயல்பு. வளர்ந்தவர் விழுங்கும் ஈயத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே உடலில் சேர்கிறது. சிறு பிள்ளையிலோ பாதியளவுகூடச் சேரக்கூடும். வெறுவயிறாக இருந்தால் இன்னும் கூடும். ஒரே மண், ஒரே தூள். ஆனால் பிள்ளைக்கு விழும் அடி பல மடங்கு.

இதற்குக் காரணம் ஈயம் போடும் வேடம். ஈய அயன் கல்சிய அயனைப் போல நடிக்கிறது. இரண்டும் இரு நேரேற்றம் உடையவை. ஆகவே கல்சியத்துக்கென்று திறக்கும் வாசல்கள் ஈயத்துக்கும் திறக்கின்றன. குருதிக்கும் மூளைக்கும் இடையே ஒரு காவல் மதில் உண்டு. நுண்குழாய்களின் சுவர்க் கலங்கள் நெருக்கமாகப் பிணைந்து, கண்ட பொருளையும் மூளைக்குள் விடாமல் தடுப்பதே அந்த மதில். கல்சியத்தின் வேடத்தில் வரும் ஈயம் இதையும் கடந்துவிடுகிறது. சிறு பிள்ளையில் இந்த மதில் முதிர்ச்சியடையாததால் கடப்பது இன்னும் எளிது.

உள்ளே போன ஈயம் மூன்று விதமாகத் தொல்லை தருகிறது.

முதலாவது, செய்திப் பரிமாற்றம். ஒரு நரம்புக் கலத்திலிருந்து அடுத்ததற்குச் செய்தி செல்லும்போது கல்சியமே கைகாட்டியாக நிற்கிறது. அந்த இடத்தில் ஈயம் நின்றால் தேவையற்ற நேரத்தில் சைகை போகும்; தேவையான நேரத்தில் போகாது. ஞாபகத்துக்கும் கற்றலுக்கும் முக்கியமான சில வாங்கிகளையும் ஈயம் அடைக்கிறது. பிள்ளையின் மூளை எந்தத் தொடர்பை வைத்திருப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் பருவத்தில் இது நடக்கிறது.

இரண்டாவது, நொதியங்கள். குருதியின் ஈமோகுளோபினில் உள்ள ஈம் என்ற பகுதியை உருவாக்கும் நொதியம் ஒன்று நாகத்தை வைத்து இயங்குகிறது. ஈயம் அந்த நாகத்தைத் தள்ளிவிட்டு அதன் ஆசனத்தில் அமர்கிறது. நொதியம் செயலிழக்கிறது. குருதிச்சோகை ஏற்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, ஒட்சியேற்ற நெருக்கீடு. மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. எளிதில் ஒட்சியேற்றமடையும் கொழுப்பமிலங்களும் அதில் அதிகம். நமது கலங்களில் குளுதாதயோன் என்ற பாதுகாவலன் உண்டு. ஈயம் அதன் கந்தகப் பகுதியைப் பற்றிப் பிடித்து முடக்கிவிடுகிறது. காவலன் இல்லாத வீட்டில் சுயாதீன மூலிகங்கள் கலமென்சவ்வுகளைத் தாக்குகின்றன.

இதன் விளைவு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்க வைத்தியரான ஹெர்பர்ட் நீடில்மன், பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேர்த்து அவற்றிலுள்ள ஈயத்தை அளந்தார். நோயாளிகள் என்று எவரும் சொல்லாத, பாடசாலை செல்லும் சாதாரணப் பிள்ளைகள் அவர்கள். பல்லில் ஈயம் கூடிய பிள்ளைகள் நுண்ணறிவுச் சோதனைகளிலும் வகுப்பில் கவனம் செலுத்துவதிலும் பின்தங்கியிருந்ததை 1979 இல் வெளியிட்டார். ‘படிப்பில் மந்தம்’, ‘அடங்காத பிள்ளை’ என்று நாம் சொல்லிவிட்டுப் போகும் சிலரின் பின்னால் ஓர் உலோகம் இருக்கலாம் என்பதை உலகம் அப்போதுதான் கவனித்தது.

தாவரங்கள் என்ன செய்கின்றன?

நான் வாசித்தவை பொய் அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மஞ்சளில் உள்ள குர்குமின் சுயாதீன மூலிகங்களை அடக்கக்கூடியது. உலோக அயன்களைப் பிணைக்கவும் அதனால் முடியும். ஈயம் கொடுக்கப்பட்ட எலிகளுக்குக் குர்குமினும் கொடுத்தபோது மூளையின் கொழுப்பு ஒட்சியேற்றம் குறைந்ததையும் குளுதாதயோன் ஓரளவு மீண்டதையும் ஆய்வுகூடங்கள் கண்டிருக்கின்றன.

வல்லாரையின் கதையும் சுவையானது. இந்தியாவின் மணிப்பாலில் எலிகளுக்குப் புதிய வல்லாரை இலைச் சாற்றைச் சில வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். ஞாபகத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளில் நரம்புக் கலங்களின் கிளைகள் அதிகம் படர்ந்திருந்தன. உம்மும்மாவின் பழமொழிக்கு ஒரு நுணுக்குக்காட்டிச் சாட்சி கிடைத்தது போல இருந்தது.

உள்ளிக்கு மனிதரிலேயே ஒரு பரிசோதனை உண்டு. ஈரானில் வாகன பற்றரித் தொழிற்சாலை ஊழியர்கள் 117 பேரை இரு குழுக்களாக்கி, ஒரு குழுவுக்கு உள்ளி மாத்திரையும் மற்றதற்கு ஈயத்தை அகற்றப் பயன்படும் டி-பெனிசிலமைன் என்ற மருந்தும் 4 வாரங்கள் கொடுத்தார்கள். 2012 இல் வெளியான அந்த ஆய்வில், உள்ளி எடுத்தவர்களின் குருதியில் ஈயத்தின் சராசரி ஒரு டெசிலீற்றருக்குச் சுமார் 43 மைக்கிரோகிராமிலிருந்து சுமார் 35 ஆகக் குறைந்தது. மருந்து எடுத்தவர்களிலும் ஏறத்தாழ அதே போன்ற குறைவுதான்.

இவ்வளவையும்தான் நான் மன்றத்தில் சொன்னேன். கைதட்டலும் இதற்குத்தான்.

எலிக்கும் என் தம்பிக்கும் இடையில்

டீச்சரின் கேள்வியோடு திரும்பிப் போய் வாசித்தபோது நான்கு இடைவெளிகள் தெரிந்தன.

ஒன்று, காலம். பல பரிசோதனைகளில் எலிக்கு ஈயமும் சாறும் ஒரே நாட்களில் கொடுக்கப்படுகின்றன. சிலவற்றில் சாறு முன்கூட்டியே கொடுக்கப்படுகிறது. அங்கே சாறு, வரும் சேதத்தைக் குறைக்கிறது. நமது வீடுகளிலோ பிள்ளை பல வருடம் ஈயத்தை விழுங்கிய பின்புதான் நாம் சாற்றைத் தேடுகிறோம். ஆய்வுகூடத்தில் ஈயத்தைக் கொடுப்பவரே அதை நிறுத்தும் நாளையும் முடிவு செய்கிறார். எங்கள் முற்றத்தில் அதை நிறுத்த எவரும் இல்லை. டீச்சரின் கேள்விக்கு விடை இதுதான்.

இரண்டு, அளவு. இதைக் கணக்காகவே செய்து பார்ப்போம். எலியின் உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 100 மில்லிகிராம் குர்குமின் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 15 கிலோகிராம் எடையுள்ள பிள்ளைக்கு அதே விகிதத்தில் 1500 மில்லிகிராம் வேண்டும். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம் என்றால், நாளொன்றுக்கு 50 கிராம் மஞ்சள் தேவை. எலிக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்காக அதை 4 முதல் 6 மடங்கு குறைத்தாலும் 8 முதல் 12 கிராம்வரை வருகிறது. ஆணத்துக்கு நாம் போடுவது ஒரு சிட்டிகை.

மூன்று, உறிஞ்சல். குர்குமின் நீரில் கரையாது. குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. உறிஞ்சப்பட்டதையும் ஈரல் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடுகிறது. மிளகில் உள்ள பைப்பரீனைச் சேர்த்தால் உறிஞ்சல் பல மடங்கு கூடுகிறது என்று 1998 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அப்படிக் கூடினாலும் அது குருதிக்குள் வரும் கணக்குத்தான். மூளையின் மதிலைக் கடப்பது வேறு கணக்கு.

நான்கு, அளந்த பொருள். உள்ளி ஆய்வில் பங்குபற்றியவர்கள் வளர்ந்தவர்கள். அவர்களில் அளந்தது குருதி ஈயம். பிள்ளையின் கற்கும் திறன் அல்ல. எதுவும் எடுக்காத மூன்றாவது குழுவும் அதில் இல்லை. சரி, பலன் முழுவதும் உள்ளியினுடையதே என்று கொள்வோம். நான்கு வார முடிவில் நின்ற 35 என்ற அளவு, ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்குமாறு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 5 என்ற அளவின் ஏழு மடங்கு.

சாறும் ‘சத்தெடுப்பும்’ ஒன்றல்ல என்பதையும் மறக்கக்கூடாது. ஆய்வுகளில் வரும் பிரிசாறு, இலையை உலர்த்தி, அற்ககோலிலோ நீரிலோ கரைத்து, வடித்து, ஆவியாக்கிச் செறிவாக்கியது. நான் உரலில் இடித்துப் பிழிந்தது அதுவல்ல.

மருந்தாலும் மீளாதது

இவற்றையெல்லாம் விட என்னை உலுக்கியது வேறோர் ஆய்வு. அது தாவரம் பற்றியதே அல்ல.

ஈயத்தைப் பிணைத்துச் சிறுநீரோடு வெளியேற்றும் மருந்துகள் உண்மையாகவே உண்டு. சக்சிமர் அவற்றில் ஒன்று. அமெரிக்காவில் நான்கு நகரங்களில், குருதி ஈயம் 20 முதல் 44 வரை இருந்த 780 சிறு பிள்ளைகளுக்கு, பாதிப்பேருக்கு இந்த மருந்தும் பாதிப்பேருக்கு மருந்தற்ற வில்லையும் கொடுத்தார்கள். மருந்து எடுத்த பிள்ளைகளின் குருதி ஈயம் நன்றாகவே இறங்கியது. ஆனால் மூன்று வருடம் கழித்து நுண்ணறிவு, நடத்தை, கற்றல் ஆகியவற்றைச் சோதித்தபோது இரு குழுக்களுக்கும் இடையே முன்னேற்றத்தில் வேறுபாடு இல்லை. 2001 இல் வெளியான முடிவு இது.

இதன் பொருளை நிதானமாக யோசியுங்கள். ஈயத்தை அகற்றுவதற்கென்றே செய்த மருந்தாலும், குருதியைச் சுத்தமாக்க முடிந்ததே தவிர, மூளையில் நடந்து முடிந்ததைத் திருப்ப முடியவில்லை. அப்படியிருக்க ஒரு கோப்பைச் சாற்றிடம் நான் எதிர்பார்த்தது எவ்வளவு? பிள்ளைகளில் குருதி ஈயம் 45 ஐத் தொடும்போது இத்தகைய மருந்து உயிரைக் காக்கும். வைத்தியர்கள் அதைக் கட்டாயம் கொடுப்பார்கள். ஆனால் அதற்குக் கீழே, ஈயம் வரும் வழியை அடைப்பதே வைத்தியம்.

மஞ்சளே நஞ்சானபோது

காக்கும் என்று நாம் நம்பும் பொருளே ஈயத்தைச் சுமந்து வந்தால்?

பங்களாதேசத்தில் நடந்தது இது. அங்கே கர்ப்பிணித் தாய்மாரின் குருதியில் ஈயம் அதிகமாக இருந்ததற்குக் காரணம் தேடிய ஆய்வாளர்கள் மஞ்சள் தூளிடம் வந்து நின்றார்கள். மஞ்சள் கிழங்கு பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக, அதை மெருகேற்றும் இடங்களில் ஈயக் குரோமேற்று என்ற மஞ்சள் நிறச் சாயத்தைச் சேர்த்துவந்தார்கள். 2019 இல் இந்த ஆய்வு வெளியானதும் அரசாங்கம் எச்சரிக்கை விடுத்தது; சந்தைகளில் சோதனை செய்தது; கலப்படம் செய்தவர்களுக்குத் தண்டம் விதித்தது. ஈயம் கண்டறியப்பட்ட மஞ்சள் மாதிரிகள் 2019 இல் 47 சதவீதம். 2020 இல் 5 சதவீதம். 2021 இல் பூச்சியம். மெருகேற்றும் ஆலைத் தொழிலாளரின் குருதி ஈயமும் குறைந்தது. எந்தச் சாறும் குடிக்காமல், வழியை அடைத்ததால் கிடைத்த வெற்றி.

மூலிகை மருந்துகளிலும் இதே எச்சரிக்கை தேவை. 2004 இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பொஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14 இல் ஈயம், இரசம், ஆசனிக்கு ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தன. ‘இயற்கையானது’ என்ற சொல் ஆய்வுகூட அறிக்கை ஆகாது. வல்லாரையும் வேரால் மண்ணிலுள்ள உலோகத்தை உறிஞ்சும் செடிதான். நான் தம்பிக்காகப் பறித்த வல்லாரை எங்கே வளர்ந்தது தெரியுமா? மாமாவின் அடுப்புக்கு அப்பால், கிணற்றுத் தண்ணீர் வடிந்தோடும் வாய்க்கால் ஓரத்தில். இதை உணர்ந்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் வீடுகளில் இன்னொரு பொருளும் உண்டு: சுறுமா. மார்க்கத்தில் சிறப்பித்துச் சொல்லப்பட்டது இத்மித் என்ற கல். ஆனால் சந்தையில் சுறுமா என்று விற்கப்படுபவற்றுள் பல கலீனா என்ற ஈய சல்பைட்டுத் தூள். சில மாதிரிகளில் எடையில் பாதிக்கு மேல் ஈயமே இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பிறந்த பிள்ளையின் கண்ணுக்கு அதைத் தீட்டினால், பிள்ளை கண்ணைக் கசக்கிய கையை வாயில் வைக்கும். எவர் அன்போடு கொண்டுவந்து தந்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத சுறுமாவைப் பிள்ளைக்குத் தீட்டாமல் விடுவதே நல்லது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

முதல் வேலை, ஈயம் வரும் வழியைத் தேடி அடைப்பது. ஈயம் உருக்குதல், பழைய பற்றரி உடைத்தல், பழைய வர்ணப்பூச்சைச் சுரண்டுதல் ஆகியவை பிள்ளைகள் இருக்கும் வீட்டிலும் முற்றத்திலும் நடக்கக் கூடாது. அவ்வேலை செய்தவர் குளித்து உடைமாற்றிய பின்பே பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்த உடையைத் தனியாகக் கழுவ வேண்டும். தும்புத்தடியால் கூட்டினால் தூள் எழும்பும். ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. சாப்பாட்டுக்கு முன்பும் உறங்கும் முன்பும் பிள்ளையின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது.

இரண்டாவது வேலை, உணவு. இங்கேதான் எங்கள் கீரைக்கு உண்மையான இடம் இருக்கிறது. இரும்பை உறிஞ்சும் அதே வழியாக ஈயமும் குடலிலிருந்து நுழைகிறது. உடலில் இரும்பு குறைந்தால் அந்த வாசல்கள் கூடுதலாகத் திறக்கின்றன. ஈயம் அதிகம் புகுகிறது. கல்சியம் குறைந்தாலும் அப்படியே. ஆகவே குருதி ஈயம் 5 அல்லது அதற்கு மேல் உள்ள சிறுவர்களுக்கு உணவில் இரும்போ கல்சியமோ போதாவிட்டால் அவற்றைக் கொடுக்குமாறு உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. முருங்கை இலை, பருப்பு, நெத்தலி, பால், தயிர், இரும்பை உறிஞ்ச உதவும் தேசிக்காயும் கொய்யாவும் எங்களுக்கு எட்டாதவை அல்ல. பிள்ளையை வெறுவயிறாக விளையாட விடாதிருப்பதும் ஒரு காப்புத்தான். நல்ல மண்ணில் விளைந்த வல்லாரையில் சம்பல் செய்து தாராளமாகச் சாப்பிடலாம். உணவாகச் சாப்பிடலாம், கவசமாக நம்பக் கூடாது.

மூன்றாவது, சந்தேகம் இருந்தால் குருதியைச் சோதிப்பது. முகத்தைப் பார்த்து ஈயத்தை அறிய முடியாது.

எங்கள் முற்றம் இன்று

இதையெல்லாம் மாமாவிடம் சொல்வது மன்றத்தில் பேசுவது போல் எளிதாக இருக்கவில்லை. “என்ட வாப்பாவும் இதே முத்தத்துலதான் ஈயம் உருக்கினார். எண்பது வயசு வரைக்கும் நல்லாத்தானே இருந்தார்? நீ படிச்சி எனக்கு வந்து தொழில் பழக்காத” என்றார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. கடையில் குண்டு வாங்கினால் ஒரு வலைக்கு ஆகும் செலவு அவருக்குத்தான் தெரியும். உம்மா நடுவில் நின்று, “அவன்ட இரத்தத்தப் பாப்பம் காக்கா. ஒண்டும் இல்லாட்டி நீங்க சொல்றதுதான் சரி” என்றார்.

வைத்தியர் எழுதித் தந்த சோதனையின் மாதிரி கொழும்புக்குப் போனது. முடிவு 8 என்று வந்தது. மாமா அந்தத் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அவர் ஆங்கிலம் வாசிக்க மாட்டார்; எண்ணை வாசிப்பார். “இது கூடவா?” என்று மட்டும் கேட்டார். கூடத்தான் என்றேன். அடுத்த நாள் சுபஹு தொழுதுவிட்டு வந்து அடுப்புக் கற்களைத் தானே புரட்டினார். அடுப்பைச் சுற்றியிருந்த மண்ணை நனைத்து, ஒரு முழ ஆழத்துக்கு வெட்டி எடுத்து, சாக்கில் கட்டி அப்புறப்படுத்தினார். புதுமண் நிரப்பினோம். வாய்க்கால் ஓரத்து வல்லாரையையும் பிடுங்கிப் போட்டேன். இப்போது அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து குண்டுகளை மொத்தமாக வாங்குகிறார்கள்.

மருந்து தேவையில்லை, வழியை அடையுங்கள், சாப்பாட்டைக் கவனியுங்கள் என்று வைத்தியர் சொன்னார். தம்பிக்கு இரும்புச்சத்துக் குறைவும் இருந்ததால் அதற்கு மட்டும் பாணி தந்தார். ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோது 5. இதில் அடுப்பை அகற்றியதன் பங்கு எவ்வளவு, இரும்பின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு பிள்ளையை வைத்து விஞ்ஞானம் செய்ய முடியாது என்பதும் நான் படித்த பாடம்தான். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. ஆகவே 5 எங்களுக்கு முடிவல்ல. இன்னும் இறங்க வேண்டும்.

சகோதரிகளே, கடைசியாக ஒன்று. குருதியில் உள்ள ஈயம் சில வாரங்களில் பாதியாகக் குறையும்; எலும்புக்குள் போனது பல பத்தாண்டுகள் தங்கும். ஒரு பெண் கருவுற்று, பிள்ளைக்காக அவளது எலும்பிலிருந்து கல்சியம் எடுக்கப்படும்போது, கல்சியத்தோடு சேர்ந்து பதுங்கியிருந்த ஈயமும் வெளியே வந்து கருவைச் சென்றடையலாம். அந்த முற்றத்தில் சட்டியைச் சுற்றி நின்ற பிள்ளைகளில் நானும் ஒருத்தி. என் எலும்பில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் இப்போது உம்மா தரும் பாலை முகம் சுளிக்காமல் குடிக்கிறேன்.

இந்த வருடம் விஞ்ஞான மன்றத்தில் அதே தலைப்பில் மீண்டும் பேசக் கேட்டேன். டீச்சர் அனுமதித்தார். இம்முறை வல்லாரையைப் பற்றிப் பேசுவதற்கு முன், வந்திருந்த ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்டேன்: “உங்கள் வீட்டில் ஈயம் எங்கிருந்து வருகிறது?” கைதட்டல் குறைவுதான். ஆனால் அடுத்த நாள் இரண்டு மாணவிகள் தங்கள் வீட்டுச் சுறுமாக் குப்பியைக் கொண்டுவந்து டீச்சரின் மேசையில் வைத்தார்கள்.

— உயர்தர உயிரியல் பிரிவு மாணவி